மேட்ரிக்ஸ் என்றால் கருப்பையாம். அப்படியானால் ‘அணி’ எங்கிருந்து வந்தது?

மாடி வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு மொட்டை மாடியில் கூரை போட்டு, மாலையில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று பதினொன்றாம் வகுப்புக்கு ‘அணிகளும் அணிக்கோவைகளும்’ பாடம். ‘எண்களை நிரை (கிடை வரிசை), நிரல் (செங்குத்து வரிசை) என்று செவ்வகமாக அடுக்கி அடைப்புக்குறிக்குள் போட்டால் அது அணி’ என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, “சார், அணின்னா நகையா, டீமா?” என்று கேட்டுவிட்டாள். மாடியே சிரித்தது. நானும் கூடச் சிரித்து, “இது கணக்கு அணிம்மா” என்று சமாளித்துவிட்டு, கூட்டல் கழித்தலுக்குப் போய்விட்டேன்.

ஆனால் அது மண்டையிலேயே நின்றுவிட்டது. இருபது வருடமாக நடத்துகிற பாடம். பெயர் ஏன் அப்படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ராத்திரி அகராதியைப் புரட்டினால், அணிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் மேட்ரிக்ஸ் என்பதற்கு லத்தீனில் கருப்பை என்று போட்டிருக்கிறது! கருப்பைக்கும் எண் கட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கருப்பை தமிழுக்கு வந்ததும் எப்படி அணியானது? அடுத்த வகுப்பு வியாழக்கிழமை. அந்தப் பெண் விடமாட்டாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேமா புளிமா

வாத்தியார் ஐயா, அந்தப் பெண் சொன்ன இரண்டும் சரிதான். ‘அணி’க்குள் ஒழுங்காக அடுக்குவது, அடுக்கியதால் வரும் அழகு இரண்டும் இருக்கின்றன. அணிவகுப்பு, ஓரணியில் நிற்பது, படையணி எல்லாம் அடுக்கு. அணிகலன், செய்யுளில் வரும் உவமையணி, உருவக அணி எல்லாம் அழகு. கணக்கில் எடுத்துக்கொண்டது முதல் வகை. வீரர்கள் வரிசையாக நிற்பது போல எண்கள் நிற்கின்றன. கருப்பை விவகாரத்துக்குக் கணிதக்காரர்கள் யாராவது வரட்டும்.

சுழியம்

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயர். வருடம் 1850. லண்டனில் வந்த ஒரு அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையில், ஏறத்தாழ இப்படிச் சொல்கிறார்: சதுரத்திலிருந்து தொடங்காமல் நீள்சதுரமான ஓர் அடுக்கிலிருந்து தொடங்குவோம், இந்த அடுக்கு தன்னளவில் அணிக்கோவை (சதுர அடுக்கின் எண்களைப் பெருக்கி, கூட்டிக் கழித்து எடுக்கும் ஒற்றை எண்) ஆகாது, ஆனால் இதிலிருந்து வேண்டிய நிரைகளையும் அதே எண்ணிக்கையில் நிரல்களையும் பொறுக்கி எடுத்தால் பலவித அணிக்கோவைகளை உண்டாக்கலாம், ஆகவே இது ஒரு மேட்ரிக்ஸ் போன்றது. அடுத்த வருடம் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: ஒரே தாயின் கருப்பையிலிருந்து பிறப்பதுபோல அணிக்கோவைகள் இதிலிருந்து பிறக்கின்றன என்று.

இதைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். இரண்டு நிரை, மூன்று நிரல் உள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

1  2  3
4  5  6

இது சதுரமில்லை. அதனால் இதற்கென்று ஓர் அணிக்கோவை கிடையாது. ஆனால் மூன்றாம் நிரலைக் கையால் மறைத்தால் 1, 2, 4, 5 மிஞ்சும்: 1×5 − 2×4 = −3. நடு நிரலை மறைத்தால் 1×6 − 3×4 = −6. முதல் நிரலை மறைத்தால் 2×6 − 3×5 = −3. ஆக, ஒரு தாய், மூன்று பிள்ளைகள். சில்வெஸ்டர் கண்ணில் பட்டது இதுதான். செவ்வகம் அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. அதற்குள்ளிருந்து என்ன வெளியே வருகிறது என்பதுதான் விஷயம்.

ஆக, மேட்ரிக்ஸ் என்ற பெயர் தோற்றத்தைப் பார்த்து வைத்ததில்லை, தொழிலைப் பார்த்து வைத்தது. நம் ‘அணி’ தோற்றத்தைப் பார்த்து வைத்தது. வாத்தியார் கேட்ட முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கம்பாசிட்டர் மகன்

அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். மேட்ரிக்ஸ் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கணக்கு வகுப்பில் இல்லை, அவரிடம்தான். ஈய எழுத்து எப்படிப் பிறக்கும் தெரியுமா? முதலில் எஃகுத் துண்டின் முனையில் ‘க’வை இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். அதைச் செப்புத் துண்டின் மேல் வைத்து ஓங்கி ஓர் அடி. செம்பில் ‘க’ பள்ளமாக விழும். அந்தப் பள்ளத்துக்குப் பெயர்தான் மேட்ரிக்ஸ். அதன்மேல் ஈயக் கலவையை உருக்கி ஊற்ற ஊற்ற, ஒரே பள்ளத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ‘க’ வந்து விழும். தாய் ஒன்று, பிள்ளை ஆயிரம். கணக்குக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அச்சுத் தொழிலில் இந்தச் சொல் இருந்தது. சில்வெஸ்டரும் புத்தகமும் பத்திரிகையுமாக வாழ்ந்த மனிதர்தானே.

மாடி வாத்தியார்

சுழியம் சார், நானும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். இருபது வருடத்தில் மேட்ரிக்ஸ் என்ற பெயருக்கு அர்த்தம் தெரிவது இன்றுதான். கம்பாசிட்டர் மகன் சொன்ன செப்புப் பள்ளத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன்.

வடமராட்சி

நான் இலங்கை. எங்கட பாடப்புத்தகத்தில அணி இல்லை, தாயம். பதினோராம் ஆண்டில ‘தாயங்கள்’ என்று தனி அலகே இருக்கு. சதுரத் தாயம், அலகுத் தாயம் என்று படிச்சுத்தான் சாதாரண தரப் பரீட்சை எழுதினோம். நிரை, நிரல் இரண்டும் உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். உங்கட உறுப்பு எங்களுக்கு மூலகம். உங்கட இயற்கணிதம் எங்களுக்கு அட்சரகணிதம்.

தாய் என்ற சொல் அதுக்குள்ள வெளிச்சமாத் தெரியுதுதானே. சில்வெஸ்டர் சொன்ன தாயும் கருப்பையும் அப்படியே வந்திட்டுது. அணிக்கோவைக்கு எங்களிட்ட துணிகோவை என்று பெயர். ‘எண்ணித் துணிக’ என்கிறோமே, அந்தத் துணிதல், முடிவுகட்டுவது. ஆங்கிலத்தில டிட்டர்மினன்ட் என்ற சொல்லுக்கும் முடிவுசெய்வது, எல்லை கட்டுவது என்றுதான் பொருள்.

குறுக்குக்கேள்வி

மன்னிக்கணும், தாயம் என்றால் எங்கள் ஊரில் கட்டையை உருட்டி விளையாடுவது. “தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும்.” பரம்பரைச் சொத்துக்கும் தாயம்தான், தாயாதி சண்டை பார்க்காத ஊர் உண்டா? இதைக் கொண்டுபோய் எண் கட்டத்துக்கு வைத்தால் நம் பிள்ளைகள் சோழியை அல்லவா தேடும்? ‘அணி’ என்றால் பார்த்த மாத்திரத்தில் புரிகிறது, வரிசையாக நிற்கிறது, முடிந்தது. கருப்பை, பிள்ளை என்றெல்லாம் உவமை சொன்னால்தான் புரியும் என்றால் அது என்ன கலைச்சொல்?

வடமராட்சி

அண்ணை, அணி என்றாலும் நகையா, டீமா என்று அந்தப் பிள்ளை கேட்டதுதானே! நாங்களும் தாயம் உருட்டித்தான் வளர்ந்தம். வகுப்புக்குள்ள ஒருத்தரும் குழம்பேல்லை.

சுழியம்

குறுக்குக்கேள்வி சொல்வது புதுச் சண்டை இல்லை. அந்தக் காலத்திலேயே ஒருவர் இதே சண்டையைப் போட்டிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் நடத்திய சார்லஸ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்ற பெயரில் குழந்தைகளுக்குக் கதை எழுதினாரே, அவரேதான். 1867இல் அணிக்கோவைகளைப் பற்றி ஒரு பாடநூல் போட்டார். அதில் மேட்ரிக்ஸ் என்ற சொல்லையே எடுக்கமாட்டேன் என்று சொல்லி, ‘பிளாக்’ என்று எழுதினார். காரணத்தையும் முன்னுரையில் சொல்கிறார்: மேட்ரிக்ஸ் என்ற சொல் ஏற்கெனவே புழங்குவது எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சொல்லுக்கு அளவுகளைக் கொண்டுவந்து போடுகிற அச்சு, வார்ப்பு என்றுதானே பொருள்? அளவுகளின் கூட்டத்தையே எப்படி மேட்ரிக்ஸ் என்பது?

அதாவது கம்பாசிட்டர் மகன் சொன்ன செப்புப் பள்ளம்தான் டாட்ஜ்சனுக்கு உறுத்தியிருக்கிறது. பள்ளம் காலியாக இருக்கவேண்டும். இங்கேயோ எண்கள் நிரம்பியிருக்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய பிளாக்கை யாரும் சீந்தவில்லை.

கம்பாசிட்டர் மகன்

டாட்ஜ்சன் கட்சியில் நான் சேரமாட்டேன். பள்ளம் காலியாக இருந்தாலும் அதில் ‘க’வின் உருவம் முழுதாக இருக்கிறதே. பொருள் இல்லை, உருவம் இருக்கிறது. தாய் வயிறும் அப்படித்தான்.

நிரல்காரி

மென்பொருள் வேலை. எனக்கு மேட்ரிக்ஸ் என்றால் நாள் முழுக்கக் கணினிக்குள் பெருக்கிக்கொண்டிருக்கும் எண் கட்டம். படங்களெல்லாம் அதுதான்; திரையில் ஒரு புகைப்படத்தைச் சுழற்றினால் உள்ளே அணிப் பெருக்கல் ஓடுகிறது. கருப்பைக் கதை இன்றுதான் தெரியும்.

என் பங்குக்கு ஒன்று. நம்ம ஊர் மெட்ரிக் பள்ளி! மெட்ரிகுலேஷன் என்பதன் மூலம் மட்ரிகுலா என்ற லத்தீன் சொல். பெயர்ப் பதிவேடு என்று பொருள். அதைப் பிரித்தால் குட்டி மேட்ரிக்ஸ்! லத்தீனில் மேட்ரிக்ஸுக்குப் பிற்காலத்தில் பதிவேடு என்ற பொருளும் வந்தது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால் நீங்கள் மாணவர். வாத்தியாரிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பள்ளிகளில் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். பெயரிலேயே அணியைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். (மெட்ரிக் அளவு வேறு. அது கிரேக்கத்தில் அளவுகோல். இரண்டையும் முடிச்சுப்போட்டுவிடாதீர்கள்.)

கல்யாணத் தகவல் மையத்து மேட்ரிமோனியும் மாத்தேர் என்ற தாயிடமிருந்து வந்ததுதான். லத்தீன்காரர்களுக்குத் தாயை விட்டால் வேறு கதி இல்லை போல.

மாடி வாத்தியார்

மெட்ரிக் பள்ளியா! வியாழக்கிழமைக்கு இதுவே போதும் எனக்கு.

பழைய ஏடு

ஒரு திருத்தம் போடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தாய், பிள்ளை என்று எல்லோரும் பேசுகிறோம். ஆனால் இந்தக் கதையில் பிள்ளைதான் மூத்தவன்!

பாடப்புத்தகத்தில் முதலில் அணி, அப்புறம் அணிக்கோவை. பெயரும் அப்படியே இருக்கிறது: அணியின் கோவை, அதனால் அணிக்கோவை. இதைப் படிக்கிற பிள்ளை, முதலில் யாரோ அணியைக் கண்டுபிடித்தார்கள், பிறகு அதிலிருந்து அணிக்கோவை வந்தது என்றுதானே நினைக்கும்? வரலாறு தலைகீழ். ஜப்பானில் செக்கி தக்ககாசு 1683இல் அணிக்கோவைக்கு ஈடான கணக்கைப் போட்டுவிட்டார். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1693இல் லோபித்தாலுக்கு எழுதிய கடிதத்தில் அதே விஷயம் இருக்கிறது. 1750இல் கிராமர் வருகிறார். உங்கள் பிள்ளைகள் பயன்படுத்தும் கிராமரின் விதி அவர் பெயரில்தான். 1801இல் காஸ் ‘டிட்டர்மினன்ட்’ என்ற சொல்லை வேறு ஒரு பொருளுக்கு, இருபடி வடிவங்களின் இயல்பை முடிவுசெய்யும் எண்ணுக்கு, எடுத்தாள்கிறார். அதை எடுத்து இன்றைய பொருளில் நிலைநாட்டியவர் கோஷி, 1812இல். அணிக்கோவைக்கு இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு போடுவதை 1841இல் ஆர்தர் கேலி என்ற ஆங்கிலேயர் ஆரம்பித்தார்.

சில்வெஸ்டர் தாய்க்குப் பெயர் வைத்ததோ 1850. பிள்ளை நடமாட ஆரம்பித்து நூற்று அறுபது வருடத்துக்கு மேல் கழித்து, “இவனுக்கு ஒரு தாய் இருக்கவேண்டுமே” என்று தேடிப்போய்ப் பெயர் வைத்த கதை இது. அதனால்தான் அவர் கருப்பை என்றார். அவர் கண்ணுக்கு முதலில் தெரிந்தது பிள்ளைகள். அணிக்கோவைகளைத் தெரியாத ஒருவருக்கு அந்த உவமை தோன்றியே இருக்காது.

குறுக்குக்கேள்வி

அப்போது அணிக்கோவை என்ற பெயர் வரலாற்றுப்படி தப்பு என்கிறீர்களா?

பழைய ஏடு

தப்பு என்று சொல்லமாட்டேன். பாடம் நடத்தும் வரிசைக்கு ஏற்ற பெயர். ஆனால் துணிகோவை என்ற இலங்கைப் பெயர் தாய் இல்லாமலேயே தனியாக நிற்கும். காஸும் கோஷியும் வைத்த பெயரும் அப்படித்தான் நின்றது. பெயரில் இலங்கைக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

இன்னொன்று. பெயர்தான் 1850. எண்களைக் கட்டமாக அடுக்கிக் கணக்குப் போடுவது அதைவிட வெகு பழையது. சீனாவின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூலுக்கு லியு ஹுய் உரை எழுதியதே கி.பி. 263இல், நூல் அதற்கும் முந்தியது. எட்டாம் அத்தியாயத்தின் முதல் கணக்கு: முதல் தரத் தானியக் கட்டு 3, நடுத்தரம் 2, மட்டம் 1 சேர்த்தால் 39 மரக்கால் (அவர்கள் அளவு வேறு, நம் வசதிக்கு மரக்கால் என்கிறேன்). 2, 3, 1 சேர்த்தால் 34. 1, 2, 3 சேர்த்தால் 26. ஒவ்வொரு கட்டிலும் எவ்வளவு? எண்ணும் குச்சிகளைப் பலகையில் நிரல் நிரலாக அடுக்கி, ஒரு நிரலைப் பெருக்கி இன்னொன்றிலிருந்து கழித்துக் கழித்துச் சுழியமாக்குகிறார்கள். விடை 9¼, 4¼, 2¾. இன்று பன்னிரண்டாம் வகுப்பில் காஸ் நீக்கல் முறை என்று நடத்துகிறோமே, அதேதான்.

தேமா புளிமா

நிரை, நிரல் என்று திரும்பத் திரும்பப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றிக்கொண்டே இருந்தது. தமிழ் இலக்கணத்திலேயே ஓர் அணிக்கு நிரல்நிறை அணி என்று பெயர்! (வல்லின ‘றை’. கணக்கின் ‘நிரை’ இடையினம். மயங்கவேண்டாம்.) சொற்களை ஒரு வரிசையில் நிறுத்தி, அவற்றுக்கான பொருள்களை அதே வரிசையில் அடுத்தாற்போல் நிறுத்துவது. எல்லோருக்கும் தெரிந்த குறள்:

அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை
பண்பும் பயனும் அது.

இதை வாத்தியார் பாணியில் எழுதிப் பாருங்கள்.

அன்பு  அறன்
பண்பு  பயன்

அன்புக்கு நேர் கீழே பண்பு, அறனுக்கு நேர் கீழே பயன். அன்பு பண்பாகிறது, அறன் பயனாகிறது. படிக்கிறவர் மேலிருந்து கீழாக, நிரல் நிரலாகக் கூட்டிப் பொருள்கொள்ள வேண்டும். இரண்டுக்கு இரண்டு அணி!

இதோடு நிற்கவில்லை. எதிர்நிரல்நிறை என்று ஒன்று உண்டு. ‘விலங்கொடு மக்கள் அனையர் இலங்குநூல் கற்றாரோடு ஏனையவர்’ என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள்.

விலங்கு  மக்கள்
கற்றார்  ஏனையவர்

இதை நேர் கீழாகப் படித்தால் கற்றவர் விலங்கு என்று ஆகிவிடும், அடி விழும். மூலைவிட்டமாகப் படிக்கவேண்டும்: விலங்குக்கு ஏனையவர், மக்களுக்குக் கற்றார். வாத்தியார் ஐயா, 1×5 கழித்தல் 2×4 என்று குறுக்கே குறுக்கே பெருக்குகிறீர்களே, கண் போகிற பாதை அதேதான்.

சுழியம்

அருமை. இதற்கு மேல் என்ன வேண்டும்! ஆனால் ஒரு எச்சரிக்கை: வள்ளுவர் அணிக் கணிதம் கண்டுபிடித்தார் என்று நாளைக்கு யாராவது பரப்பப்போகிறார்கள், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

தேமா புளிமா

அப்படிப் பரப்புகிறவரை முதல் ஆளாக நானே மறுப்பேன். அடுக்கிப் பார்க்கும் கண் எல்லா ஊரிலும் உண்டு, அவ்வளவுதான்.

நிரல்காரி

அலுவலகத்தில் பல மாநிலத்துக்காரர்கள் இருப்பதால் அவரவர் பள்ளிப் பெயரை விசாரித்தேன். இந்தியில் ஆவ்யூஹ். வியூகம் நமக்குத் தெரியாதா, சக்கரவியூகம் பத்மவியூகம் எல்லாம் அதுதான். ஆக, இந்தியும் படையணிப் பக்கம். கன்னடத்தில் மாத்ருகெ, தெலுங்கில் மாத்ரிக. ஒலியிலும் மேட்ரிக்ஸ் மாதிரியே இருக்கிறது, பொருளிலும் தாய் நிற்கிறாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சீன மொழியில் ஜூஜென் என்பார்களாம். அதில் ஜென் என்பது போர்க்கள அணிவகுப்பு. ஜப்பானில் நிரை, நிரல் இரண்டையும் சேர்த்து க்யோரெட்சு. அதே சொல்லைத்தான் கடை வாசலில் நிற்கும் கியூவுக்கும் சொல்கிறார்கள்.

எனவே கட்சி நிலவரம்: தாய்க் கட்சியில் லத்தீன், இலங்கைத் தமிழ், கன்னடம், தெலுங்கு. படைக் கட்சியில் தமிழ்நாடு, இந்தி, சீனம். ஜப்பான் வரிசையில் நிற்கிறது.

வடமராட்சி

ஒரு மொழிக்காரர் இரண்டு கட்சியிலயும் இருக்கிறது நாங்கள் மட்டும்தான்.

வளையமும் களமும்

கல்லூரியில் இயற்கணிதம் நடத்துகிறேன். தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். தாய்க் கட்சியினர் கொஞ்சம் பொறுங்கள். பெயர் வைத்து எட்டே வருடத்தில் அந்த உவமை காலாவதியாகிவிட்டது.

ஆர்தர் கேலி. சில்வெஸ்டரின் ஆத்ம நண்பர். இருவருமே லண்டனில் சட்டத் துறையில் இருந்தவர்கள். கேலி பதினான்கு வருடம் வழக்கறிஞர் தொழில் பார்த்துக்கொண்டே கணிதக் கட்டுரைகளாக எழுதித் தள்ளினார். அவர் 1858இல் அணிகளின் கொள்கை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில்தான் அணி தனி ஆளாக எழுந்து நிற்கிறது. பிள்ளை பெறுவதற்கான பாத்திரமாக இல்லாமல், எண்ணைப் போலவே கூட்டவும் பெருக்கவும் தக்க ஒரு பொருளாக. பெருக்கும்போது மட்டும் வரிசை மாற்றினால் விடை மாறும். அணிகள் மாற்றங்களைக் குறிக்கின்றன. ஒரு மாற்றத்தை அடுத்து இன்னொன்று செய்வதுதான் பெருக்கல். முதலில் சாக்ஸ் பிறகு ஷூ என்பதும், முதலில் ஷூ பிறகு சாக்ஸ் என்பதும் ஒன்றாகுமா?

அந்தக் கட்டுரையின் மணி போன்ற தேற்றத்தைக் காட்டுகிறேன். அணி அ என்பது

1  2
3  4

என்று இருக்கட்டும். மூலைவிட்டக் கூட்டல் 1 + 4 = 5. அணிக்கோவை 4 − 6 = −2. இப்போது அணியையே அணியால் பெருக்குங்கள்:

7  10
15  22

இதிலிருந்து அணியின் 5 மடங்கைக் கழித்தால் (5, 10, 15, 20)

2  0
0  2

மிஞ்சுகிறது. அலகு அணியின் (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடமெல்லாம் 0) 2 மடங்கு! அதாவது அ² − 5அ − 2 = 0. எந்த 5, எந்த −2 அதற்குள்ளிருந்து வந்ததோ, அந்தச் சமன்பாட்டை அணி தானே நிறைவு செய்கிறது. கேலி–ஹாமில்டன் தேற்றம். கேலி இரண்டுக்கு இரண்டை நிறுவி, மூன்றுக்கு மூன்றைச் சரிபார்த்துவிட்டு, பொதுவான நிறுவலுக்கு மெனக்கெட அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். என் மாணவன் தேர்வுத் தாளில் அப்படி எழுதினால் பூஜ்யம்தான் போடுவேன். பொதுவான நிறுவல் 1878இல் ஃப்ரொபீனியஸிடமிருந்து வந்தது.

இதையெல்லாம் செய்யும் ஒரு பொருளைக் கருப்பை என்பது எப்படிப் பொருந்தும்? அது ஒரு எண் மாதிரி ஆகிவிட்டது. அந்த வகையில் ‘அணி’ என்ற நடுநிலையான பெயரே எனக்குப் பிடிக்கிறது. அது எதையும் வாக்குக் கொடுக்கவில்லை.

பழைய ஏடு

பெயர் அப்படியே நின்று பொருள் நகர்வது எல்லாச் சொல்லுக்கும் நடப்பதுதானே. எண்ணெய் என்றால் எள்+நெய். இப்போது மண்ணெண்ணெயில் எள் எங்கே இருக்கிறது?

வளையமும் களமும்

நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

1925இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பெர்க் அணுவைப் பற்றி எழுதியபோது வரிசை மாற்றினால் விடை மாறும் ஒரு விசித்திரப் பெருக்கல் வந்து நின்றது. அது அணிப் பெருக்கல் என்பது அவருக்குத் தெரியாது. மாக்ஸ் போர்ன்தான், மாணவராக இருந்தபோது பிரெஸ்லாவில் ரோசானெஸ் என்ற ஆசிரியரிடம் படித்தது நினைவுக்கு வந்து, அடையாளம் கண்டார்.

சுழியம்

சில்வெஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் வைப்பதில் அந்த மனிதருக்கு ஒரு வெறி. தன்மைகாட்டி என்று நாம் படிக்கும் டிஸ்கிரிமினன்ட், இன்வேரியன்ட், மைனர், ஜேக்கோபியன் எல்லாம் அவர் வைத்த பெயர்கள். கணிதத்தின் ஆதாம் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். ஏதேன் தோட்டத்தில் மிருகங்களுக்கெல்லாம் பெயர் வைத்தாரே, அந்த ஆதாம். கேம்பிரிட்ஜில் 1837இல் இரண்டாம் இடம் பிடித்தும், யூதர் என்பதால் மத உறுதிமொழியில் கையெழுத்திட முடியாமல் பட்டம் கிடைக்கவில்லை. கவிதை வேறு எழுதுவார். ரோசலிண்ட் என்ற பெயரோடு இயைபு வருகிற மாதிரி சுமார் 400 அடி!

அவர் உவமைகளில் எனக்குப் பிடித்தது கருப்பை இல்லை. ஓர் அணிக்குள்ளிருந்து கணக்கிட்டு எடுக்கும் சில எண்களை ஐகன் மதிப்பு என்று இப்போது சொல்கிறோமே, அவற்றுக்கு அவர் 1883இல் வைத்த பெயர் ‘உள்ளுறை மூலங்கள்’ என்ற பொருள் தருவது. எப்படி உள்ளுறை? தண்ணீருக்குள் ஆவி இருப்பது போல, புகையிலைக்குள் புகை இருப்பது போல என்கிறார். புகையிலையைக் கையில் வைத்துப் பார்த்தால் புகை தெரியாது. பற்றவைக்கவேண்டும்.

தேமா புளிமா

400 அடிக்கு ஒரே இயைபா? நம் வித்துவான்கள் தோற்றார்கள்.

குறுக்குக்கேள்வி

புகையிலை உவமைக்காக மட்டும் சில்வெஸ்டரை மன்னிக்கிறேன். தாயத்தைப் பற்றியும் ஒரு படி இறங்கிவருகிறேன்: துணிகோவை நல்ல சொல். அதைத் தமிழ்நாட்டிலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அணி எங்களுடையது, விடமாட்டேன்.

வடமராட்சி

வைச்சிருங்கோ அண்ணை. தாயம் விழுந்தால் காய் இறக்குவம்.

மாடி வாத்தியார்

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வருகிறேன். பலகையில் இடப்பக்கம் அணி, வலப்பக்கம் தாயம் என்று எழுதினேன். நகையும் இல்லை, டீமும் இல்லை, படை வரிசை என்றேன். பிறகு சுழியம் சார் போட்ட 1, 2, 3, 4, 5, 6 கட்டத்தை எழுதி, ஒவ்வொரு நிரலாகக் கையால் மறைத்து, “ஒரு தாய், மூன்று பிள்ளைகள்” என்று காட்டினேன். மெட்ரிக் பள்ளி சமாசாரத்துக்குத்தான் சிரிப்பு அதிகம். நிரல்நிறை அணியை இப்போதுதான் தமிழ் ஐயா நடத்தினாராம். இரண்டு பேர் அந்த நோட்டை எடுத்துக் காட்டினார்கள்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, “சார், மூணு இல்ல, ஒன்பது” என்றாள். எப்படி என்றேன். “எத்தன நிரை வேணாலும் எடுக்கலாம், அத்தன நிரல் எடுத்தா போதும்னு தானே அவரு சொன்னாரு? அப்ப ஒரு நிரை, ஒரு நிரல் எடுத்தா ஒத்த எண்ணு வரும்ல? ஒன்றாம் வரிசை அணிக்கோவை. ஆறு எண்ணும் ஆறு பிள்ளைங்க சார்.”

சுழியம் சார், என்ன சொல்கிறீர்கள்?

சுழியம்

அவள் சொன்னதுதான் சரி. ஒன்பது. மூன்றுக்கு நான்கு அணியைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள், 34 வரவேண்டும்.

மாடி வாத்தியார்

கொடுத்துவிட்டேன். பன்னிரண்டும் பதினெட்டும் நாலும் என்று எழுதிக் கொண்டுவந்துவிட்டாள்.